விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம்?

"பால்பல்தானே டாக்டர், எப்படியும் விழத்தானே போகுது? பிடுங்கிப் போட்டுடுங்களேன்."

குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் இடங்களில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. நான்கு வயதுப் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அழுதிருக்கும். அப்பா அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருப்பார். சொத்தையைச் சுத்தம் செய்ய வேண்டும், வேர்வரை மருந்து வைக்க வேண்டும், மேலே மூடி போட வேண்டும் என்று மருத்துவர் அடுக்கும்போது அவர் முகத்தில் அந்தக் கேள்வி எழுவது இயல்புதான். இயற்கையே தூக்கி எறியப்போகிற ஒன்றைக் காசு செலவழித்துக் காப்பாற்றுவானேன்?

பால்பல் விழும் என்றதும் நம் கண்ணில் நிற்பவை முன்பற்கள். அவை ஆறு, ஏழு வயதில் ஆடத் தொடங்கிவிடுகின்றன. கடைவாய்ப் பக்கம் கணக்கே வேறு. பால்பற்களில் ஆகக் கடைசியில் இருக்கும் கடைவாய்ப்பல் இரண்டு, இரண்டரை வயதில் முளைக்கிறது. விழுவது பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். நான்கு வயதில் வலிக்கும் அந்தப் பல்லுக்கு இன்னும் ஏழு ஆண்டு வேலை பாக்கி இருக்கிறது. எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்வரை அதை வைத்துத்தான் சோறு மெல்ல வேண்டும்.

இருபது பால்பற்களில் இந்த ஒன்றை மட்டும், கீழ்த்தாடையின் வலது ஓரத்தில் இருப்பதை, இந்த அத்தியாயம் முழுக்கப் பின்தொடர்வோம். அதற்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் மற்றவற்றின் கதையும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

வயிற்றில் இருக்கும்போதே

நம் பல் பிறக்கும் முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் ஐந்தாவது மாத வாக்கில் அதன் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிய ஆரம்பிக்கின்றன. படியும் மேலுறைக்கு எனாமல் என்று பெயர். பாடநூல்கள் பற்சிப்பி என்கின்றன. உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் கிடையாது. எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெறும் கனிமம்தான்.

எனாமலைக் கட்டும் செல்கள் வேலை முடித்து, பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போது அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமலில் ஓட்டை விழுந்தால் அதை நிரப்ப உடம்பில் ஆளில்லை. பால்பல்லில் இந்த உறையின் பருமன் நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். சொத்தை உள்ளே இறங்க அதிக நாள் ஆகாது.

பிறந்த நாளின் தடயமும் இந்த எனாமலில் பதிந்திருக்கிறது. பல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கருப்பையில் படிந்த பகுதிக்கும் பிறந்தபின் படிந்த பகுதிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். பொக்கை வாயோடு சிரிக்கும் கைக்குழந்தையின் ஈறுக்கடியில் பால்பற்கள் இருபதும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் பின்னால், ஆறு வயதில் வரவேண்டிய முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லிலும் ஏறத்தாழப் பிறப்பை ஒட்டியே கனிமம் படியத் தொடங்கிவிட்டது.

முதல் பல் சுமார் ஆறு மாதத்தில் எட்டிப் பார்க்கும். ஒரு வயது வரை தாமதித்தாலும் பதற வேண்டியதில்லை. "பல்லு மொளைக்குது, அதான் காய்ச்சல், வயித்தால போகுது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஈறு வலிக்கும், எச்சில் ஒழுகும், பிள்ளை சிணுங்கும்; அவ்வளவுதான் பல்லின் பங்கு. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதும், பிள்ளை தவழ்ந்து கையில் கிடைத்ததை வாயில் வைப்பதும் அதே ஆறாம் மாதத்தில்தான் சேர்ந்துகொள்கின்றன. கடும் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பல்லின்மேல் பழிபோட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பது ஆபத்து.

வாய்க்குள் குடியேறியவர்கள்

சொத்தைப் பல்லில் புழு இருக்கிறது என்று உலகின் பல மூலைகளில் நெடுங்காலம் நம்பினார்கள். பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், 1890இல் வெளிவந்த தம் நூலில் வேறு கதை சொன்னார். வாயிலுள்ள கிருமிகள் நாம் சாப்பிடும் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். குற்றவாளி இது ஒன்று மட்டுமல்ல என்று இன்று தெரியும். ஆனாலும் சர்க்கரை கிடைத்தால் பசையைச் சுரந்து பல்லில் அப்பிக்கொள்வதில் இது கைதேர்ந்தது.

இந்தக் கிருமி நிலைத்துத் தங்குவதற்குக் கெட்டியான பரப்பு வேண்டும். எனவே பல் முளைத்த பிறகே அது பெருமளவில் குடியேறுகிறது. வருவது பெரும்பாலும் வளர்ப்பவரின் எச்சில் வழியாக, அதிலும் அம்மாவிடமிருந்து. உடனே குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா, ஒரே ஸ்பூனில் ஊட்டலாமா என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எச்சிலுக்கு வேலி போட முடியாது. அம்மா தன் சொத்தைப் பற்களைக் குழந்தை பிறக்கும் முன்பே சரிசெய்துகொள்வதுதான் உருப்படியான காரியம்.

பால்பாட்டிலோடு தூங்கும் குழந்தையின் வாயில் சேதம் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் வரும். மேல்வரிசை முன்பற்கள் முதலில் கரையும், பிறகு கடைவாய்ப் பற்கள். கீழ்வரிசை முன்பற்கள் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். உறிஞ்சும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்வதும், அருகிலேயே எச்சில் சுரப்பதும் காரணம். மேலுதட்டை விரலால் தூக்கி, வெளிச்சத்தில் ஈறோரத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு தீற்றியது மாதிரி மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. இந்தக் கட்டத்தில் ஓட்டை இன்னும் விழவில்லை; பழையபடி கெட்டியாக வாய்ப்பு இருக்கிறது. பழுப்பாகிக் குழி விழுந்தபின் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஒரு நாள் கணக்கு

இப்போது நம் பல்லுக்கு வருவோம். பிள்ளைக்கு நான்கு வயது.

1940களில் அமெரிக்கரான ராபர்ட் ஸ்டீபன், சிலரைக் குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்து, பல்மேல் படிந்த கிருமிப் படலத்தில் அமிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார். அமிலத்தை அளக்கும் அளவுகோலுக்குப் பிஎச் என்று பெயர். எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். சும்மா இருக்கும் வாயில் அது 7ஐ ஒட்டி நிற்கும். சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் 5.5க்குக் கீழே சரிந்துவிடும். எனாமல் கரையத் தொடங்குவது ஏறத்தாழ அந்த இடத்தில்தான். பிறகு எச்சில் அமிலத்தைக் கழுவி, முறித்து, அரைமணியிலிருந்து ஒருமணி நேரத்துக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவரும். வந்ததும் தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் எனாமலுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும்.

ஒவ்வொரு முறையும் தோராயமாக 40 நிமிடம் அமிலத்தில் ஊறுவதாக வைத்துக்கொண்டு நம் பிள்ளையின் ஒரு நாளைக் கூட்டுவோம். காலை ஏழுக்குச் சர்க்கரையும் சத்துமாவும் கலந்த பால். எட்டரைக்கு இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. பத்தரைக்கு ஸ்நாக்ஸ் டப்பாவில் கிரீம் பிஸ்கட். ஒரு மணிக்குச் சாப்பாடு. பள்ளி விட்டு வந்ததும் நாலுக்குப் பாலும் ரஸ்கும். ஐந்தரைக்குத் தாத்தா வாங்கித் தந்த லாலிபாப். எட்டுக்கு இரவுச் சாப்பாடு. ஒன்பதரைக்கு, தூங்குவதற்கு முன், மறுபடியும் சர்க்கரைப் பால். மொத்தம் எட்டு முறை. எட்டு நாற்பது 320 நிமிடம், அதாவது ஐந்து மணி இருபது நிமிடம். கடைசிப் பாலுக்கு 40 நிமிடம் என்று போட்டது சலுகைக் கணக்கு. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகக் குறைந்துவிடுவதால் அந்த அமிலம் நெடுநேரம் அங்கேயே கிடக்கும்.

இனி அதே பிள்ளை, அதே தின்பண்டங்கள், ஒரு கிராம் சர்க்கரைகூடக் குறைக்கவில்லை. காலைப் பாலை இட்லியோடு சேர்த்துவிடுகிறோம். பிஸ்கட்டை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுக்கிறோம். தாத்தாவின் மிட்டாய் நாலு மணிப் பாலோடு போகிறது. ராத்திரிப் பால் இரவுச் சாப்பாட்டோடு. அதன்பின் பல் தேய்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும். மொத்தம் நான்கு முறை, 160 நிமிடம். அமில நேரம் நேர்பாதி. பத்தரை மணிக்குப் பசித்தால் வேர்க்கடலையோ ஒரு துண்டு வெள்ளரிக்காயோ போதும்.

எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதே பல்லுக்கு முக்கியம். நம் வீடுகளில் "அளவாச் சாப்பிடு" என்று சொல்லி, ஒரு மிட்டாயை ஒடித்து நாலு வேளைக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டு. வயிற்றுக்கு அது நல்லதாக இருக்கலாம், பல்லுக்கு நேர்மாறு.

இதை மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள், வெட்கப்பட வேண்டிய முறையில். ஸ்வீடனில் லுண்ட் நகரை ஒட்டிய விபெஹோல்ம் என்ற இடத்தில், மனவளர்ச்சி குன்றியோருக்கான விடுதியில் 1940களின் பிற்பாதியில் தொடங்கிய சோதனை அது. அங்கிருந்தவர்களின் ஒப்புதல் இல்லாமலே ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரையும், இன்னொரு பிரிவினருக்கு இடைவேளைகளில் பல்லில் ஒட்டும் டாஃபியும் கொடுத்தார்கள். சாப்பாட்டோடு தின்றவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. டாஃபி தின்றவர்களின் பற்கள் நாசமாயின. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது. அந்த மனிதர்களின் பற்களைக் கெடுத்துத்தான் இந்தப் பாடம் நமக்குக் கிடைத்தது.

பேஸ்ட்டில் என்ன பார்க்க வேண்டும்

பல் தேய்ப்பதைப் பற்றிப் பலரும் நினைப்பது, பிரஷ்தான் எல்லா வேலையும் செய்கிறது, பேஸ்ட் வாசனைக்கு என்று. பாதிதான் சரி. பேஸ்ட்டிலுள்ள ஃபுளோரைடு, எச்சிலிலிருந்து கனிமம் எனாமலுக்குத் திரும்பும்போது கூடவே சேர்ந்துகொண்டு, முன்னைவிட அமிலத்தைத் தாங்கும் பரப்பை உண்டாக்குகிறது.

இது தெரியவந்த கதை விசித்திரமானது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போன பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே, உள்ளூர்க்காரர்கள் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதும் பின்னால் தெரிந்தது. குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931இல் உறுதியாயிற்று. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தக் கறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் ஃபுளோரைடு அங்கே தலைமுறைகளாகப் பல்லையும் சில இடங்களில் எலும்பையும் பதம் பார்த்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வளரும் பல் உள்ளே விழுங்கும் ஃபுளோரைடால் கறைபடும். முளைத்த பல் மேலே பூசும் ஃபுளோரைடால் வலுப்பெறும்.

ஆகவே அளவில்தான் சூட்சுமம். மூன்று வயதுவரை பிரஷ்ஷில் ஓர் அரிசி மணி அளவு பேஸ்ட். அதற்குமேல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க வளைத்து வளைத்துப் பிழிவது விற்பனைக்கான அளவு. பேஸ்ட் பெட்டியில் ஃபுளோரைடு எத்தனை பிபிஎம் என்று அச்சிட்டிருக்கும். 1000 இருந்தால் நல்லது. சிறுவர் பேஸ்ட் என்று பொம்மை போட்டு விற்பவற்றில் சிலவற்றில் பாதிதான் இருக்கிறது, சிலவற்றில் அறவே இல்லை. தேய்த்தபின் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் போட்ட மருந்தைக் கழுவிவிடுவதாகும்.

காலையில் தேய்ப்பதை யாரும் விடுவதில்லை. தவறவிடக் கூடாதது இரவு. ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர்தான் தேய்த்துவிட வேண்டும். அதுவரை பிள்ளையின் மணிக்கட்டு அந்த நுணுக்கமான வேலைக்குப் பழகியிருக்காது. பிள்ளையைச் சுவர்க் கண்ணாடி முன் நிறுத்தி, பின்னால் நின்று தலையை உங்கள்மேல் சாய்த்துக்கொண்டால் கடைவாய் நன்றாகத் தெரியும்.

சத்தமில்லாமல் வரும் ஆறாவது பல்

ஆறு வயதில் நம் பல்லுக்குப் பின்னால் ஒரு புதுப் பல் முளைக்கிறது. இதற்காக எந்தப் பால்பல்லும் ஆடவில்லை, விழவில்லை. அதனாலேயே பெற்றோர் பலருக்கு இது வந்ததே தெரிவதில்லை. கண்டாலும் பால்பல் என்று விட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி எண்ணுவது. பால்பல் ஒரு பக்கத்துக்கு, நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி, ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிரந்தரப் பல். அறுபது, எழுபது ஆண்டு ஓட வேண்டியது.

நிரந்தரப் பற்களில் அதிகம் சொத்தையாவதும் இதுதான். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள். சிலவற்றின் அகலம் பிரஷ்ஷின் நாரைவிடக் குறைவு. முழுதாக மேலெழும்ப மாதக்கணக்காகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால், நேராக இழுக்கும் பிரஷ் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காகப் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க வேண்டும். பள்ளங்களைப் பிசினால் அடைத்துவிடும் சிகிச்சை ஒன்றும் இருக்கிறது, சீலன்ட் என்பார்கள். ஊசியில்லை, குடைவதில்லை, சில நிமிட வேலை. சொத்தை விழுந்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நம் ஊரில் இதை இவ்வளவு குறைவாகக் கேட்டு வாங்குவது எனக்குப் புரியாத விஷயம்.

துண்டு போட்ட இடம்

திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம்பிடிப்போமே, நம் பால்பல்லின் மிகப் பெரிய வேலை அதுதான். அதற்கு நேர் கீழே, அதன் வேர்களின் நடுவே, பதினொரு வயதில் வரவேண்டிய முன்கடைவாய்ப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஆறு வயதுப் பல், எந்நேரமும் முன்பக்கமாகச் சாயப் பார்க்கிறது. ஐந்து வயதில் பால்பல்லைப் பிடுங்கிவிட்டால் துண்டை எடுத்த கதைதான். பின்னால் வருபவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பதினொரு வயதில் உரியவர் வந்து பார்த்தால் இடம் இருக்காது. எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது வரிசை தப்பித் தெத்துப்பல்லாக வரும். அன்று மிச்சப்பிடித்த காசு பல மடங்காகக் கம்பி போடுவதற்குப் போகும்.

பால் கடைவாய்ப்பல் தனக்குப் பின் வரும் பல்லைவிடச் சற்று அகலமானது. உரிய காலத்தில் விழுந்தால் ஓரிரு மில்லிமீட்டர் இடம் மிச்சமாகும். நெருக்கிக்கொண்டு நிற்கும் மற்ற நிரந்தரப் பற்கள் ஒழுங்காக அமர அந்த மிச்சம் உதவுகிறது.

சொத்தை ஆழமாகி வேர்நுனியில் சீழ் கட்டினால் கீழே வளரும் பல்லின் எனாமலும் பாதிக்கப்படலாம். அது முளைக்கும்போதே பழுப்புத் திட்டோடு, சொரசொரப்பாக வரும். அந்த அளவுக்குப் போய்விட்டால் பிடுங்குவதுதான் சரி. ஆனால் பிடுங்கிய இடத்தில் ஒரு கம்பி வளையத்தை மாட்டி இடத்தைக் காத்துவைக்க வேண்டும். இதை இடங்காப்பி எனலாம். அதற்கு முந்தைய கட்டங்களில் வழிகள் ஏராளம். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், சொத்தையைக் குடையாமலே பால் கடைவாய்ப்பல்மேல் உலோக மூடியைப் பொருத்தி ஒட்டிவிட்டார். வெளியிலிருந்து சர்க்கரை வராததால் உள்ளே அடைபட்ட கிருமிகள் பட்டினி கிடந்து அடங்கின. பின்னால் நடந்த முறையான ஆய்வுகளும் இது பலனளிப்பதை உறுதிசெய்தன. வெள்ளிச் சேர்மம் கலந்த ஃபுளோரைடு மருந்தைத் தடவிச் சொத்தையை நிறுத்துவதும் உண்டு. தடவிய இடம் கறுத்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், பத்து வயது வாக்கில் கீழிருந்து புதுப் பல் எழும்ப, பால்பல்லின் வேரை உடம்பே கரைத்துவிடுகிறது. சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிந்த பல்லுக்கு வேரே இல்லாதது அதனால்தான்.

பதின்வயது நெருங்கும்போது

எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, பற்கள் விசிறியாக விரிந்து நிற்கும். பலர் அப்போதே கம்பி போட ஓடுகிறார்கள். எலும்புக்குள் இருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவதால் வருவது இது. பதினொன்று, பன்னிரண்டில் அவை இறங்கியதும் பெரும்பாலும் தானே மூடிவிடும். மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்தால் போதும்.

பருவமடையும் காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சிறு அழுக்குக்கும் வீங்கி ரத்தம் கசியும். ரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷைத் தள்ளி வைத்தால் அழுக்கு கூடி ரத்தமும் கூடும். மென்மையாக, விடாமல் தேய்க்க வேண்டும். பன்னிரண்டு வயதில் இரண்டாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் வருகிறது, அதே ஆழப் பள்ளங்களோடு. ஆனால் அந்த வயதில் "வாயைத் திற, பார்க்கிறேன்" என்றால் எந்தப் பிள்ளையும் திறக்காது. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போன் பார்க்கும் பிள்ளைக்கு, மேலே போட்ட அமிலக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் அறிவுரையைவிட நன்றாக வேலை செய்யும்.

இந்த வயதுகளில் இன்னொரு கண்டம் மைதானம். கிரிக்கெட் பந்து பட்டோ, சைக்கிளிலிருந்து விழுந்தோ நிரந்தர முன்பல் வேரோடு கழன்று வந்தால், பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தேய்க்கவோ துடைக்கவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் சில நொடி தண்ணீரில் காட்டி, வந்த குழியிலேயே செருகி, கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். செருகப் பயமாக இருந்தால் டீக்கடையில் ஒரு டம்ளர் காய்ச்சாத குளிர்ந்த பால் வாங்கி அதில் பல்லைப் போட்டுக்கொண்டு ஓடலாம். வேர்மேல் ஒட்டியுள்ள செல்கள் காற்றில் காய்ந்து செத்துவிட அரைமணி, ஒருமணி போதும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. விழுந்தது பால்பல் என்றால் திரும்பச் செருகவே கூடாது, கீழே வளரும் பல் சேதமாகும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வகையும் கலந்திருக்கும். எது என்று தெரியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போவதே சரி.